இல்லாதவரின் வேலி

“நான் எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. பிறகு என்ரை வேலி எண்டு ஒண்டு எங்காலை வரும்?”

கதிர்காமு அண்ணை இதைச் சொன்னபோது என் கையில் வேலிக்கு முள் அலம்பல் வெட்டுகிற கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கோபம் அந்த அளவுக்கு வந்துவிட்டது.

“நீங்கள் இல்லாட்டிப் போங்கோ. மாடு இருக்குது அண்ணை. நேற்றும் வந்தது.”

“மாடும் இல்லை.”

“அப்ப என்ரை பயிரைத் திண்டது ஆர்?”

“பயிரும்...” என்று தொடங்கினார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பாப்பாமோட்டையில் எங்கள் வயல்வெளிக்கு ஆளுக்கொரு வேலி கிடையாது. வெளி முழுவதையும் சுற்றி ஒரே வேலி. யாருக்கு எத்தனை ஏக்கரோ அதற்கேற்றபடி அந்த வேலியில் இத்தனை யார் என்று பங்கு உண்டு, மூன்றடி ஒரு யார். அவரவர் பங்கை அவரவர் கதியால் தடி நட்டு, கம்பி இழுத்து, முள் அலம்பல் வைத்து அடைக்க வேண்டும். ஒருவர் அடைக்காமல் விட்டால் மற்ற எல்லாரும் அடைத்தது வீண். கதிர்காமு அண்ணையின் பங்கு முப்பது யார். அது திறக்கிற இடத்தில் முதலில் இருப்பது என்னுடைய இரண்டு ஏக்கர்.

அந்த முப்பது யாரையும் நானே அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்பவருக்கு எங்கள் ஊர் தெரியாது. இன்னொருவரின் வேலிப் பங்கில் ஒரு கதியால் நட்டால், நாளைக்கு அந்தக் காணிக்கு உரிமை கேட்கப் போகிறான் என்று பொருள். அதுவும் நான். எழுபத்தேழுக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத்திலிருந்து அடிவாங்கி ஓடிவந்து, காடு வெட்டிக் காணி எடுத்த தோட்டத் தொழிலாளியின் மகள். உறுதிப் பத்திரம் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. சிவராணி கதிர்காமுவின் காணியைப் பிடிக்கிறாள் என்று சொல்ல ஊருக்கு அரை நாள் போதும்.

சரி, ஒரு வார்த்தை அனுமதி கேட்டுப் பார்ப்போம் என்று கேட்டேன்.

“நாங்கள் அடைக்கிறம் அண்ணை. விதானைக்கு முன்னாலை ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

“என்ரை எண்டு ஒண்டு இருந்தாத்தானே பிள்ளை, ஓம் எண்டு சொல்லுறதுக்கு.”

இந்த மனிதர்தான் யுத்தத்துக்கு முந்திய காலத்தில், வீட்டு வளவு வேலி ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது என்று என் அப்பாவுடன் மூன்று வருடம் கதைக்காமல் இருந்தவர்.

அது இரண்டாயிரத்துப் பத்து, மாரிமழையோடு விதைக்கிற காலபோகம். யுத்தம் முடிந்து, அடைத்துவைத்த முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபடி நாங்கள் விதைத்த முதல் பயிர். விதைநெல் ஒரே ஒரு தரம் கொடுத்தார்கள். இது போனால் அடுத்த போகத்துக்கு விதைக்க ஒரு மணி இல்லை. என் வீட்டுக்காரர் சின்னராசா பகலில் வீதி வேலைக்குப் போய்விட்டு, பொழுதுபட்டதும் அந்த இடைவெளியில் தடியோடு போய் இருப்பார். நான் விடிய முன்னம் போய் அவரை மாற்றுவேன். சண்டையில் சொந்தக்காரர் செத்தும் சிதறியும் போனதால் கட்டாக்காலியாகிவிட்ட மாடுகள், இருபது முப்பதாக வரும். அவற்றுக்கும் பாவம் பசிதான். ஆனாலும் எத்தனை நாளைக்கு இரண்டு மனிதர் முப்பது யாருக்கு வேலியாக நிற்பது? சின்னராசாவுக்கு வேலையிடத்தில் நின்றபடியே நித்திரை வந்து, தார் வாளியில் கையை வைத்துவிட்டார்.

கதிர்காமு அண்ணைக்கு இந்த இல்லாமை முகாமில் பிடித்த வியாதி. மனைவி எப்போதோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு மகள் இருந்தாள். முகாமுக்கு அவர் தனியாகத்தான் வந்தார். மகள் எங்கே என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரம் கேட்கக்கூடாத கேள்வி எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருந்தது. அங்கே யாரோ பௌத்தத்தைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் அதை அடுப்பு மூட்ட எடுத்தோம். அவர் வாசித்தார். திரும்பத் திரும்ப வாசித்தார். வெளியே வரும்போது அவரிடம் ஒரு துணிப்பையும் இந்தக் கதையும்தான் இருந்தன. எல்லாம் சூன்யம். நானும் இல்லை, நீயும் இல்லை.

கதையில் அவரை வெல்ல முடியாது. ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். உடம்பு சாப்பிடுகிறது என்றார். அப்படியென்றால் அந்த உடம்பைக் கூட்டிக்கொண்டு வந்து வேலியை அடைக்கச் சொல்லுங்கள் என்றேன். உடம்புக்குக் காணி இல்லையே என்றார்.

விதானை யோகராசா வந்து கத்தினார். அவர் வயல்வெளிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பு. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். அதைப் பங்குவைத்துப் பங்குவைத்து அவருக்குக் குரல் எப்போதும் அடைத்துத்தான் இருக்கும்.

“இருக்கிறதெல்லாத்தையும் அடிச்சு இல்லாமச் செய்துபோட்டு, ஒண்டும் இல்லை எண்டு புத்தகமும் அடிச்சுக் குடுத்திருக்கிறாங்கள். இந்த மனுசன் அதையும் நம்பிக்கொண்டு திரியுது” என்றார். கதிர்காமு அண்ணை அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர் எடுத்ததற்கெல்லாம் புத்தர் சொன்னார், புத்தர் சொன்னார் என்கிறார். சரி, சரக்குக்குச் சொந்தக்காரரிடமே போய்க் கேட்போம். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத்தில், ஆமிக் காம்பை ஒட்டிப் புதிதாக ஒரு சின்ன விகாரை முளைத்திருந்தது. அது முளைத்ததில் எனக்கோ ஊருக்கோ சந்தோசம் கிடையாது. ஆனால் மாத்தளையில் சின்ன வயதில் பழகிய சிங்களம் எனக்குத் தெரியும். என் பயிரும் எனக்குத் தெரியும்.

கதிர்காமு அண்ணை மறுக்கவே இல்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் தன்னை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் போகிறோம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அங்கே இருந்த பிக்குவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காவியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் எங்களைப்போல் கமக்காரர் வீட்டுப் பிள்ளைதான் என்பது வாளியைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. எங்களைப் பாயில் இருக்கச் சொன்னார். நான் சிங்களத்தில் நேராகவே சொன்னேன்.

“ஹாமுதுருவே, இந்த மனிதர் உங்கள் புத்தரின் பேரைச் சொல்லி என் வயலை மாட்டுக்குக் கொடுக்கிறார்.”

அவர் சிரித்துவிட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“நான் இல்லை, நீ இல்லை. செய்தவனும் இல்லை, செய்ததும் இல்லை” என்றார் கதிர்காமு அண்ணை. “புத்தர் சொன்னது இதுதானே எண்டு கேள் பிள்ளை.”

நான் சொன்னேன். பிக்குவின் சிரிப்புப் போய்விட்டது. ஒரு சின்னப் பிள்ளை தப்பாகக் கணக்குச் செய்ததைப் பார்த்த வாத்தியாரைப்போல நெற்றியைத் தேய்த்தார்.

“செய்தவன் என்று மாறாமல் நிற்கிற ஒருவன் இல்லை. அது சரி. ஆனால் செய்தது இல்லை என்று யார் சொன்னது? அதைச் சொன்னது வேறு ஒருவர். புத்தர் காலத்திலேயே இருந்தார். கொடுத்தாலும் ஒன்றும் இல்லை, கொன்றாலும் ஒன்றும் இல்லை, செத்தால் எல்லாம் சாம்பல் என்று போதித்தவர். புத்தர் அதைத் தப்பான பார்வை என்றார். இந்த ஐயா என் குருவின் பேரைப் போட்டு, குரு மறுத்த ஆளின் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.”

இதை மொழிபெயர்த்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

“அப்ப இருக்குது எண்டோ சொல்லுறார்? ‘நான்’ இருக்குது எண்டோ?” என்று கதிர்காமு அண்ணை கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இருக்கு என்று பிடித்துக்கொள்வதும் ஒரு பிழை, ஒன்றும் இல்லை என்று கைவிடுவதும் ஒரு பிழை” என்றார் பிக்கு. “இவர் நெல் விதைக்கிறவர்தானே? கதிர் வந்த பிறகு வேரைத் தோண்டி விதைநெல்லைத் தேடச் சொல்லுங்கள். இருக்காது. அதற்காக விதைக்கவே இல்லை என்று சொல்வாரா? விதைத்தபடியால்தான் கதிர் வந்தது. அப்படித்தான் எல்லாம். ஒன்றால் ஒன்று வருகிறது. செய்தது இருக்கிறது. அதன் பலன் இருக்கிறது. ஒருவரும் அதிலிருந்து தப்ப முடியாது.”

“கேட்டீங்களோ அண்ணை? செய்தது இருக்கு. அதின்ரை பலன் இருக்கு. ஒருத்தரும் தப்பேலாது எண்டு சொல்லுறார். நீங்கள் வேலியை விட்டா மாடு வரும். அதுவும் பலன்தான்.” வேலியும் மாடும் நான் சேர்த்தது. பாவம் வந்தால் வரட்டும் என்றுதான் சேர்த்தேன்.

கதிர்காமு அண்ணை பாயின் ஓரத்தை விரலால் பிய்க்கத் தொடங்கினார்.

பிக்கு நிறுத்தவில்லை. அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் சரிந்து, மெல்லிய குரலில் இன்னும் பத்து நிமிடம் பேசினார். நான் மணியைப் பார்த்தேன். ஒரு மணிக்குப் பஸ். அதை விட்டால் நாலரைக்குத்தான். நாலரைக்கு மாடு வரத் தொடங்கிவிடும்.

“இன்னும் என்ன சொல்லுறார்?” என்று அண்ணை கேட்டார்.

“அதைத்தான் திருப்பிச் சொல்லுறார். எழும்புங்கோ, பஸ் போகப்போகுது.”

பிக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கும்பிட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

பஸ்ஸில் அண்ணை வாயே திறக்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சின்னராசாவிடம், நாளைக்கு அந்த ஆள் கதியாலோடு வராவிட்டால் என் பேரை மாற்று என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாடுதான் வந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், வரம்போரமாகக் கால் ஏக்கர் மொட்டையாகக் கிடக்கிறது. சின்னராசா தடி கையில் இருக்க வரம்பில் விழுந்து நித்திரை. அந்த மனிதரை என்ன சொல்வது! தடியை நான் எடுத்துக்கொண்டேன். மாட்டை அடிக்க அல்ல. நேராகக் கதிர்காமு அண்ணையின் கொட்டிலுக்குப் போனேன்.

அடுப்புக்குள் சாம்பல்கூட ஈரமாக இருந்தது. இரண்டு நாளாக மூட்டவில்லை. அவர் நிலத்தில் சுருண்டு கிடந்தார். வெள்ளைச் சேட்டு இன்னும் உடம்பில் இருந்தது. நான் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

“சாப்பிடேல்லையோ?”

“எழும்பிப் போ பிள்ளை.”

“என்ன செய்யுது உங்களுக்கு?”

கூரைத் தறப்பாளைப் பார்த்தபடி சொன்னார்.

“நான் ஒரு மாதிரி இருந்திட்டன். ஒண்டும் இல்லை, ஒண்டும் நடக்கேல்லை எண்டு. நீதான் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வச்சனி. செய்தது இருக்காம். தப்பேலாதாம். அப்ப நான்தானே அவளைச் சாக்காட்டினனான்.”

“ஆரை?”

“டிலக்சனாவை.”

மகளின் பேரை அவர் வாயிலிருந்து நான் ஒன்றரை வருடத்தில் முதல் தரம் கேட்டேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் கடற்கரையில் நடந்தது. பங்கர்க் குழிக்குள் இருந்திருக்கிறார்கள். செல்லடி கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். “எனக்குத் தேத்தண்ணி வேணும்போலை கிடந்தது பிள்ளை. மூண்டு நாள் குடிக்கேல்லை. தலையிடி. கிணத்திலை போய் ஒரு கேத்தில் தண்ணி அள்ளிக்கொண்டு வா எண்டு நான்தான் அனுப்பினனான். கிணத்தடியிலை செல் விழுந்தது. சாகிற தாகம் எண்டாலும் பரவாயில்லை. தேத்தண்ணி. ஒரு தேத்தண்ணிக்கு.”

என் கையிலிருந்த தடியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிடமும் பிக்கு என்ன பேசினார் என்பது அப்போது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. எனக்குச் சிங்களம் விளங்காமல் இல்லை. நன்றாக விளங்கியது. எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

“அண்ணை, அவர் அதோடை நிப்பாட்டேல்லை. பிறகும் சொன்னவர்.”

“அதையேதான் திருப்பிச் சொன்னவர் எண்டு நீ சொன்னனி.”

“பொய் சொன்னனான். அவர் சொன்னது வேறை. கையாலை நடந்ததெல்லாம் வினை இல்லையாம். மனம் எதை நினைச்சுச் செய்யுதோ அதுதான் வினையாம். புத்தரே அப்பிடித்தான் சொன்னவராம். குருடன் ஒருத்தன் நடக்கேக்கை காலுக்குக் கீழை பூச்சி செத்தா, அது அவன் செய்த கொலை இல்லையாம். இந்த ஐயான்ரை முகத்தைப் பாத்தா எதையோ சுமக்கிறார்போலை கிடக்கு, சொல்லுங்கோ எண்டும் சொன்னவர்.”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை.

“நீ இப்ப என்னைத் தேத்த இட்டுக்கட்டிச் சொல்லுறாய்.”

“இல்லை அண்ணை.”

“அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு. மாடு வந்திடும் எண்டு. தப்பேலாது எண்ட சொல்லோடை நீங்கள் பயந்து வேலியை அடைப்பியள், எனக்கு அது போதும் எண்டு நினைச்சனான். எனக்கு என்ரை பயிர்தான் பெரிசாக் கிடந்தது.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு கேவலமான காரணத்தை யாரும் கட்டிச் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெல்ல எழும்பி இருந்தார்.

“ஆனா ஆசைப்பட்டனான்தானே. எனக்குத்தானே தேத்தண்ணி கேட்டது.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் இந்த ஊர்ப் பேச்சு நிற்காது. அம்மா பேசிய தோட்டத்துப் பேச்சுத்தான் வரும்.

“தேத்தண்ணி குடிக்கணும்னு ஒரு மனுசன் நெனைக்கிறது கொலையா? நானுந்தான் அந்தக் கடக்கரையில நூறு தரம் நெனைச்சேன்! தண்ணிக்கு அனுப்பினீங்க. சாகவா அனுப்பினீங்க? செல்லு அடிச்சவன் அடிச்சது அவன் செஞ்சது. அதையும் ஏன் நீங்களே தூக்கித் தலையில வச்சுக்கிறீங்க?”

அப்போதுதான் அவர் அழுதார். வாயைத் திறந்துகொண்டு, சத்தமாக. முகாமில்கூட இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பை மூட்டினேன். அந்த ஈரச் சாம்பலில் நெருப்புப் பிடிக்க எத்தனை தரம் ஊத வேண்டியிருந்தது! கண் எரிந்தது. புகை என்று சொல்லிக்கொள்கிறேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

விடிந்து நான் வயலுக்குப் போகும்போது அவர் எனக்கு முன்னமே அங்கே நின்றார். தோளில் பூவரசங் கதியால் கட்டு. முகமன் ஒன்றும் கிடையாது. அலவாங்கால் குழி தோண்டத் தொடங்கினார். யோகராசா வரம்பில் சைக்கிளோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முப்பது யாருக்கும் ஒரு நாள் முழுக்க எடுத்தது. அவர் நட்ட கதியால் ஒன்றும் நேராக இல்லை. என் அப்பாவோடு ஒரு முழத்துக்குச் சண்டை பிடித்தவர் நடுகிற இலட்சணம் இது! நான் பிடுங்கிப் பிடுங்கி நேராக்கினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கதைத்துக்கொண்டிருந்தார். டிலக்சனாவுக்கு மூன்று வயதில் காதுக்குள் நெல் போனது. ஐந்தாம் வகுப்பில் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்துவிட்டு முதலாவது என்று பொய் சொன்னது. எந்த மாட்டுக்கு என்ன பேர் வைத்தாள் என்பது. அவளைப் பற்றி ஒன்றரை வருடம் திறக்காத வாய், ஒரு நிமிடம் மூடவில்லை. எனக்குத் தலை வலித்தது.

“கதையை விட்டிட்டுக் கம்பியைப் பிடியுங்கோ அண்ணை. பொழுதுபடப்போகுது.”

“ஓம், ஓம்” என்று கம்பியைப் பிடித்தார். கடைசிக் கதியால் அது. அதற்கப்பால் என் பங்கு. வெளியே மாடுகள் வரத் தொடங்கியிருந்தன. வழக்கமான இடத்துக்கு வந்து, கம்பி குறுக்கே கிடப்பதைக் கண்டு, விளங்காமல் நின்றன.

“போகமாட்டன் எண்டுதான் முதல் சொன்னவள்” என்றார் அண்ணை. “கேத்திலை வாங்கேல்லை. பிறகு தானே எடுத்துக்கொண்டு வெளியிலை ஏறி நிண்டு, எனக்கும் அரைவாசி தரவேணும் அப்பா எண்டு சொல்லிப்போட்டுப் போனவள்.”

நான் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு ஆணியை அடித்தார்.